பட்டப்பெயர் இல்லாத பையன்

தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும் லிபான் மெஷினுக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். மூக்கு வட்டக் கண்ணாடியில் இடிக்காத குறை. இனி அது நிற்கும்வரை அவனை அசைக்க முடியாது, அசைக்க வேண்டியதுமில்லை. ஹிபோ கொஞ்சம் மூச்சுவிடுகிற இடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் இந்தச் சலவை அறைதான். இன்றைக்கு அதுவும் இல்லை. உள்ளே சுற்றுவது எல்லாமே லிபானின் துணி. பச்சைச் சட்டை, முழங்கால் வெளுத்த கால்சட்டைகள், சப்பிச் சப்பிக் கழுத்து தொளதொளத்துப்போன பனியன்கள். எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்துவிடு, பெட்டியில் அடுக்க வேண்டும் என்று காலையில் சாதோ சொன்னாள், தேநீரை உறிஞ்சிக்கொண்டே, கடைக்குப் போய்ப் பால் வாங்கிவரச் சொல்வது மாதிரி. சாதோ ஹிபோவின் கணவன் வர்சமேயின் அக்கா. சோமாலி மண்ணில் இருக்கிற ஹர்கெய்சாவிலிருந்து போன மாதம் டொரொன்டோவுக்கு வந்தவள் வியாழக்கிழமை திரும்புகிறாள். திரும்பும்போது ஹிபோவின் எட்டு வயது மகன் லிபானையும் கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே ஊருக்கு வெளியே ஓர் இடம் இருக்கிறதாம். ஓதிப் பார்ப்பார்களாம். ஒட்டகப் பால் கொடுப்பார்களாம். ஒரே வருடத்தில் வாய் திறந்து பேசிவிடுவானாம். சொன்னது எதையும் சாதோ கண்ணால் பார்த்ததில்லை. வர்சமே தலையாட்டினான். சரக்கு லாரி ஓட்டுகிறவன், ஆயிரம் மைல் பனியில் கண் சிமிட்டாமல் போகிறவன், அக்காவின் முன்னால் மட்டும் பள்ளிக்கூடத்துப் பையன். ஹிபோ தலையாட்டவில்லை. ஆட்டாமல் இருந்ததையும் ஆட்டியதாகவே கணக்கு வைத்துக்கொண்டார்கள். அவள் வாய் திறந்து முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், இப்போது அவர்கள் சொன்ன துணியையே துவைத்துக்கொண்டு நிற்கிறாள், இதைவிடக் கேவலம் உண்டா.

கழுத்துப் பட்டியில் தைத்திருக்கிற அந்தச் சின்னத் துணித்துண்டு, கம்பெனிப் பெயரும் அளவும் போட்டிருக்குமே, அதை யார் வெட்டுவார்கள் அங்கே. ஒவ்வொரு சட்டையிலும் அவள் சின்னக் கத்தரிக்கோலால், தையல் நூல்கூட உறுத்தாமல் வெட்டியிருக்கிறாள். வெட்டாவிட்டால் அது அவனுக்கு நெருப்பு. சட்டையைக் கிழித்துப்போட்டு வெற்றுடம்போடு ஓடுவான், பனியில்கூட ஓடியிருக்கிறான். இதைச் சாதோவிடம் சொன்னபோது, இவன் என்ன சுல்தான் வீட்டுப் பிள்ளையா என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடைக்குப் போய்ப் புதிதாக ஐந்து சட்டை வாங்கிவந்தாள், ஐந்திலும் அந்தத் துண்டு. வெள்ளைச் சோற்றை மட்டும்தான் தின்பான், அதில் குழம்பு ஒரு சொட்டுப் பட்டாலும் தட்டைத் தள்ளிவிடுவான் என்று ஹிபோ சொன்னாள். பசித்தால் தின்பான் என்றாள் சாதோ. பசித்தாலும் தின்ன மாட்டான், அதுதானே விஷயம், இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறான், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். அங்கே யார் குழாய் போடுவார்கள். சுவர் லேசாக அதிர ஆரம்பித்தது. அவளுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே லிபான் உள்ளங்கையைத் தரையில் வைத்துவிட்டான். பிறகுதான் விமானம் கட்டடத்தின் தலைக்குமேலே போகிற சத்தம் வந்தது. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால்தான் இந்தக் கட்டடங்களில் வாடகை மலிவு, மலிவாக இருப்பதால்தான் சோமாலியர்கள் இங்கே மாடிக்கு மாடி அடைந்து கிடக்கிறார்கள், அடைந்து கிடப்பதால்தான் ஒருத்தி தும்மினால் ஏழாம் மாடியிலிருந்து இன்னொருத்தி 'அல்லாஹ் உனக்கு இரங்கட்டும்' என்கிறாள். எத்தனை வருடமாக அந்தச் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது, அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்த ஒரு வாரமாக ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து பார்க்கிறாள்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நொண்டி ஹலீமோ வந்தாள். ஊரில் லாரி மோதி இடதுகால் குட்டையானவள். அவளுக்குமுன் அவளுடைய கூடைவண்டியும், வண்டிக்குமுன் அவளுடைய குரலும் வந்தன. லிபானைப் பார்த்ததும் அந்தக் குரல் இறங்கிப்போனது. எல்லோருக்கும் இது நடக்கும், ஹிபோ பழகிவிட்டாள், பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், இல்லை, பழகவில்லை, இன்றைக்கு அது சுருக்கென்று ஏறியது. இவளை இந்தக் கட்டடமே நொண்டி ஹலீமோ என்றுதான் கூப்பிடுகிறது. முகத்துக்கு நேரே. கூப்பிட்டால் இவளும் என்னடி என்று திரும்புகிறாள். நானைஸ் என்பார்கள், பட்டப்பெயர், அது இல்லாத சோமாலியன் கிடையாது. ஒரே பெயரில் ஊருக்கு நூறு முகமது, எந்த முகமது என்று எப்படிச் சொல்வது, உடம்பில் எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதையே பெயராக வைத்துவிடுவார்கள். ஹிபோவின் அப்பாவுக்கு ஒரு கண் போனது, மறுநாளிலிருந்து அவர் ஒற்றைக்கண்ணன். பெர்பெரா துறைமுகத்தில் ஒற்றைக்கண்ணன் மகள் என்று சொன்னால் மீன்காரன் ஒரு மீன் கூடப் போடுவான். சித்தப்பாவுக்குக் காது கேட்காது, அவர் தெகோலே, செவிடன். அந்தப் பெயரைத் தெருமுழுக்கக் கத்திக் கூப்பிடுவார்கள், அவருக்குத்தான் கேட்காது, பக்கத்திலிருக்கிறவன் தோளில் தட்டி உன்னைத்தானய்யா என்பான், அவரும் சேர்ந்து சிரிப்பார். உதடு பிளந்தவன், விரல் இல்லாதவன், வழுக்கை, பல்லன், குள்ளன். இந்தத் தேசத்துக்காரர்கள் கேட்டால் ஐயோ என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். அப்பா சொல்வார், ஒருத்தனுக்குப் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அவனைக் காணாத மாதிரி போக முடியாது என்று. அந்த ஜனங்கள்தான் இவர்கள். எதையும் மூடிப் பேசத் தெரியாத ஜனங்கள். இவர்கள் என் மகனுக்கு மட்டும் எட்டு வருடமாக ஒரு பட்டப்பெயர் வைக்கவில்லை. அவனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துகிறார்கள், உச்சுக்கொட்டுகிறார்கள், அல்லாஹ் குணமாக்கட்டும் என்று காற்றைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

நம்மூர் வியாதியே இல்லை இது, இங்கே வந்துதான் பிடித்தது என்றும் சொல்கிறார்கள். குளிரில் பிடித்ததாம், ஊசியில் பிடித்ததாம், அம்மா வேலைக்குப் போனதால் பிடித்ததாம். பாருங்கள், கடைசியில் எங்கே வந்து நிற்கிறதென்று. ஆட்டிசம் என்கிற சொல்லுக்கு நம் பாஷையில் சொல் இல்லையே, சொல் இல்லாவிட்டால் வியாதியும் இல்லை என்றுதானே அர்த்தம் என்று வர்சமேகூட ஒருநாள் பெரிய வக்கீல் மாதிரி வாதாடினான். அப்படியானால் பெர்பெராவில் சிப்பிக்காரன் யார். பள்ளிவாசல் சுவரோரம் காலையிலிருந்து மாலைவரை சிப்பிகளை வரிசையாக அடுக்குவானே, பெரியது, அதைவிடச் சின்னது, அதைவிடச் சின்னது, ஒரு வார்த்தை பேசமாட்டானே, யாராவது தொட்டால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வானே, அவனுக்கு எந்த ஊசி போட்டார்கள், எந்தக் குளிர் அடித்தது, பெர்பெராவின் வெயிலில் கழுதையே நிழல் தேடி ஓடும். அவனுக்குப் பெயர் இருந்தது. சிப்பியை ஒரு பையன் காலால் எத்திவிட்டால் தெருவில் போகிற எவனும் அந்தப் பையனை அடிக்கலாம், அப்பன் யார் என்று கேட்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிடுவார்கள், அவனுக்கு மட்டும் தனித் தட்டு, வேறு கை பட்டால் அவன் தொடமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். சிப்பிக்காரனுக்கு வைத்தாயிற்றா என்று மாப்பிள்ளையின் அப்பாவே கேட்டதை ஹிபோ காதால் கேட்டிருக்கிறாள். அவளுக்கு அப்போது லிபானின் வயது. அது என்ன வெள்ளைச் சோறா, குழம்பு ஊற்றின சோறா, நினைவில்லை. வெள்ளைச் சோறாகத்தான் இருக்கும். ஏன் இத்தனை நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

இங்கே நடப்பது என்ன. அழைப்புமணி அடித்தால் லிபானைப் படுக்கையறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். பையன் எங்கே என்று விருந்தாளி கேட்டால் தூங்குகிறான் என்கிறான் வர்சமே. சாயங்காலம் ஆறு மணிக்குத் தூங்குகிறான். உள்ளேயிருந்து அவன் முனகல் வருகிறது, கட்டில் கிறீச்சிடுகிறது, சுவரில் தொம் தொம் என்று குதிகால் இடிக்கிறது, வெளியே உட்கார்ந்து எல்லோரும் சமோசா தின்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே. அந்த வீட்டில் சோறே இல்லை, பூசணிக்காய் மட்டும்தான் இருந்தது, அப்படியும் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனாள், ஒரே ஒரு தடவை. மேளத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தான், பக்கத்து மேசைப் பெண்கள் நாற்காலியை நகர்த்தினார்கள், கர்ப்பிணி ஒருத்தி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு எழுந்தே போய்விட்டாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா. மனதுக்குள் அன்றைக்கு அவளை ஹிபோ என்னவெல்லாம் திட்டினாள். வெளியே மன்னிச்சுக்குங்க என்றாள். அந்த மன்னிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

மெஷின் ஒரு நொடி நின்று எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. லிபானின் தலையும் கூடவே மறுபக்கம் சாய்ந்தது. பச்சைச் சட்டை மேலே வந்தது, விழுந்தது, மேலே வந்தது. ஹோயோ, பார்த்தாயா என்றாள் மெதுவாக. சோமாலியில் தாய் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவாள். ஹோயோ என்றால் அம்மா, தன் பெயரையே பிள்ளைக்குக் கொடுத்துக் கூப்பிடுவது. அதையும்தானே பிடுங்கினார்கள். லிபானைப் பரிசோதிக்கக் கூட்டிப்போன அந்த முதல் க்ளினிக், சுவர் நிறையப் பலூன் படம் ஒட்டிய அறை, புள்ளிபோட்ட சட்டை அணிந்த அந்த அம்மாள். ஒரு பொம்மையை மேசையில் உட்காரவைத்து, களிமண் கேக்கில் குச்சியைச் செருகி, இன்றைக்குப் பொம்மைக்குப் பிறந்தநாள், என்ன செய்யலாம் என்று லிபானைக் கேட்டாள். அவன் குச்சியைப் பிடுங்கி விரலில் சுழற்றினான். கற்பனை விளையாட்டு இல்லை என்று அவள் குறித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் எவருக்கும் பிறந்தநாள் கொண்டாடினதில்லை, வர்சமேக்கு எந்த வருடம் பிறந்தான் என்றே தெரியாது, அகதி முகாமில் எழுதிக்கொடுத்த தேதிதான் என்று சொல்ல ஹிபோவுக்கு அப்போது ஆங்கிலம் போதவில்லை. கடைசியில் அந்த அம்மாள் சொன்னாள், இரண்டு பாஷை அவனைக் குழப்பும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், முக்கியமாக அவனையே அம்மா என்று கூப்பிடாதீர்கள், யார் அம்மா என்று தெரியாமல் போய்விடும். படித்தவள் சொல்கிறாள். ஹிபோ கேட்டுக்கொண்டாள். இரண்டு வருடம். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவள் மகனிடம் என்ன பேசினாள்? நில். உட்கார். வேண்டாம். சாப்பிடு. சாலை விளக்குக் கம்பத்தில் மாட்டின பலகை பேசுகிற பேச்சு. தாலாட்டு கிடையாது, செல்லத் திட்டு கிடையாது, ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டும்போது பாடுகிற பாட்டு அவனுக்குக் கண் சொருகவைக்கும், அதுவும் கிடையாது. பிறகு வேறொரு டாக்டர், இளைஞன், காகிதங்களைப் புரட்டிப்பார்த்து நெற்றியைச் சுருக்கினான். யார் உங்களுக்கு இப்படிச் சொன்னது, உங்கள் பாஷையில்தான் பேசவேண்டும் என்றான். அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு அவ்வளவுதான். அந்தப் புள்ளிச் சட்டைக்காரியை ஒருநாள் தெருவில் பார்க்கவேண்டும். பார்த்து என்ன செய்வாள்? மன்னிச்சுக்குங்க என்பாள், அதுதானே அவளுக்கு வாயில் வருகிறது.

இப்போது சாதோ. அங்கே ஓதிப் பார்க்கிறார்கள் என்பதில் ஹிபோவுக்கு ஒரு சண்டையும் இல்லை. லிபானே ஓதுவதைக் கேட்கிறவன்தான். செல்போனைத் தாடையெலும்பில் அழுத்திவைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான், அந்த நேரத்தில் அவன் கைகள் படபடப்பதை நிறுத்திவிடும். வேதத்தின் மேல் என்ன குற்றம். அந்த இடத்தின்மேல்தான். மூலையில், கடைசி ட்ரையருக்குப் பக்கத்தில், ஷுக்ரி முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவளை ஹிபோ பார்க்காத மாதிரி இருந்தாள், அவளும் அப்படியே. ஷுக்ரியின் மகன் குலேத் போய்வந்தவன். அதே மாதிரி ஓர் இடத்துக்கு. போவதற்கு முன்னால் அவன் லிஃப்டில் பாடுவான், சொல் இல்லாத பாட்டு, ஏறும்போது ஒரு ராகம் இறங்கும்போது ஒரு ராகம். இப்போது லிஃப்டில் எந்த ஆண்பிள்ளை தொண்டையைச் செருமினாலும் மூலையில் குந்தித் தலைக்குமேல் இரண்டு கையையும் வைத்துக்கொள்கிறான். அல்ஹம்துலில்லாஹ், ரொம்ப அமைதியாயிட்டான் என்கிறாள் ஷுக்ரி. கோடையில் ஒருநாள் லிஃப்டில் அவன் காலுறை நழுவியிருந்தது. கணுக்காலைச் சுற்றி, வளையல் போட்ட இடம் மாதிரி, வழவழவென்று வெளுத்த தோல். ஹிபோ பார்த்தாள். அவள் பார்த்ததை ஷுக்ரி பார்த்தாள். குனிந்து காலுறையை மேலே இழுத்துவிட்டாள். ஐந்தாம் மாடி வந்தது, இறங்கிப் போனார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது அவளுக்கு. ஒரு வார்த்தை, அனுப்பாதே என்று ஒரே ஒரு வார்த்தை. எனக்கு மட்டும் என்ன இருந்தது வாயில், அவனுக்கு என்ன ஆச்சு என்று நானும்தான் கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்து காலுறையை மேலே மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கிறோம். லிபானின் கணுக்கால் மெல்லியது, கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்தால் சுற்றிப் பிடித்துவிடலாம். அதை நினைத்ததும் அவள் அவனைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்திருந்த வாக்கில் கணுக்கால் இரண்டும் தெரிந்தன.

செருப்புச் சத்தம் கேட்டது. சாதோ. வாசனைக்கட்டைப் புகை ஏற்றின துப்பட்டாவின் மணம் அவளுக்கு முன்னால் வந்து சோப்பு மணத்தை ஒதுக்கித் தள்ளியது. கையில் லிபானின் நீலக் கம்பளிச் சட்டை, இதை விட்டுவிட்டாயே என்றாள். அங்கே எதற்குக் கம்பளி, நாற்பது டிகிரியில். ஹலீமோவைப் பார்த்ததும் சாதோவின் முகம் மாறியது, விருந்தாளி முகம் வந்துவிட்டது. சலாம் சொல்லி, நலம் விசாரித்து, அவள் கால் வலியை விசாரித்து, அவளுடைய குலமும் தன் தாய்வழியும் எங்கே சேருகிறது என்று கண்டுபிடித்து முடித்தாள். அதற்குள் ஹலீமோவே கேட்டுவிட்டாள், பையனையும் கூட்டிக்கொண்டு போகிறீர்களாமே என்று. ஆமாம் என்றாள் சாதோ. மதரசாவில் சேர்க்கப்போகிறோம், பாஷையும் மரியாதையும் கற்றுக்கொண்டு வருவான், இங்கேயே வளர்கிற பிள்ளைகள்தான் பெற்றவளையே பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றனவே. அவள் சொன்னது அழகாகத்தான் இருந்தது. கேட்டால் யாருக்கும் தங்கள் பிள்ளையையும் அனுப்பத் தோன்றும். ஹலீமோவும் நல்லது நல்லது என்றாள், ஆனால் கண் லிபானிடம் போய்ப் போய் வந்தது.

அப்போது மெஷின் வேகமெடுத்தது. கடைசிச் சுற்று, தண்ணீரைப் பிழிகிற சுற்று. தரை அதிர்ந்தது, சத்தம் முனகலாகத் தொடங்கி மேலே மேலே ஏறியது. லிபானும் ஏறினான். வாயை மூடியபடி, அதே சுருதியில், மெஷின் எங்கே போனாலும் அங்கே, ஒரு மயிரிழை பிசகாமல். தோள்கள் ஆடின. முகத்தில் ஒரு வெளிச்சம், ஹிபோ அதை வேறெங்கும் பார்த்ததில்லை. ஹலீமோ கையிலிருந்த சோப்புப்பொடியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பண்றான்?"

"ஒண்ணுமில்ல," என்று முந்திக்கொண்டாள் சாதோ. "விளையாடுறான். அவனுக்கு ஒரு குறையும் இல்ல."

ஒரு குறையும் இல்லை. ஹிபோவின் தலைக்குள் அந்த வாக்கியம் பச்சைச் சட்டை மாதிரி மேலே வந்து விழுந்து மேலே வந்தது. குறை இல்லாதவனை எதற்கு ஊருக்கு வெளியே இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறாய். குறை இல்லாதவனுக்கு எதற்கு ஒட்டகப் பால். குறை இல்லாதவனை எதற்குப் படுக்கையறையில் வைத்துப் பூட்டச் சொன்னாய், வந்த மறுநாளே. இல்லை என்கிறார்களே, அதுதான், அந்த இல்லைதான் அவனை விமானத்தில் ஏற்றுகிறது. இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அப்புறம் எதை மறைக்கக் கொண்டுபோவார்கள். நொண்டியை யாரும் நொண்டியில்லை என்று சொல்லி எங்கேயும் அனுப்பவில்லை, இதோ நிற்கிறாள், பெயரோடு நிற்கிறாள். ஹிபோ துணி மடிக்கிற மேசையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிச்சுக்குங்க என்று நாக்கு பழக்கத்தில் எழுந்தது, அதை விழுங்கினாள்.

"அப்பாயோ, அவன் விளையாடல," என்றாள். அக்கா என்கிற மரியாதை அதில் இருந்தது, பயம் இல்லை. "அவனுக்கு ஆட்டிசம். பொறந்ததிலருந்தே. பேசமாட்டான், கூப்பிட்டாத் திரும்பமாட்டான், சுத்துறது எதுவா இருந்தாலும் அவனுக்கு உசிரு." பிறகு ஹலீமோவின் பக்கம் திரும்பினாள், வயதில் மூத்தவளை அத்தை என்று கூப்பிடுகிற முறையில். "ஏத்தோ, எட்டு வருஷமா இவனுக்கு ஒரு பேர் வைக்க உங்க யாருக்கும் வாய் வரல. அதனால நானே வைக்கிறேன். இவன் வரேக்லே."

வரேக்லே, சுற்றுக்காரன். சொல்லிவிட்டாள். பெற்றவள் பட்டப்பெயர் வைப்பது வழக்கமில்லை. வெளியாள் ஒருவர் சிரித்து, அந்தப் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொல்லவேண்டும், அப்போதுதான் அது ஒட்டும், இல்லாவிட்டால் வெறும் வசவு. சாதோவின் முகம் கறுத்தது. உனக்குப் புத்தி பிசகிவிட்டதா, சொந்தப் பிள்ளையைச் சந்தியில் நிறுத்துகிறாயே, வர்சமேயின் காதில் விழுந்தால் என்னாகும் என்று அடிக்குரலில் கேட்டாள். ஹிபோ ஹலீமோவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் கத்திக்கொண்டிருந்தது, லிபான் கூடவே கத்திக்கொண்டிருந்தான், இந்தக் கிழவி சிரிக்காவிட்டால் நான் தொலைந்தேன் என்று நினைத்தாள், குட்டைக்காலில் சாய்ந்து நின்றவள் லிபானை மேலும் கீழும் பார்த்தாள், கண்ணாடிக்குள் சுற்றுவதைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டு வந்தது.

"வரேக்லே," என்றாள் ஹலீமோ. "பின்ன, வேற என்ன பேர் வைக்கிறது இவனுக்கு? மெஷினே இவங்கிட்டப் பாடக் கத்துக்கணும்."

சத்தமாகச் சொன்னாள். லிபானைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தாமல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. சாதோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மூலையிலிருந்து ஷுக்ரியின் குரல் வந்தது. அவள் திரும்பவில்லை, மடித்துக்கொண்டிருந்த சின்னக் காலுறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"எம்மகனையும் லிஃப்ட்ல பசங்க பாட்டுக்காரன்னு கூப்பிட்டாங்க. நான்தான் திட்டி நிறுத்தினேன். அங்க போய்வந்தப்புறம் அவன் பாடுறதில்ல." காலுறையை உள்ளங்கையில் சுருட்டினாள். "சங்கிலி போட்டாங்க அப்பாயோ. கால்ல."

மெஷின் உச்சியிலிருந்து மெல்ல இறங்கத் தொடங்கியது. நாங்கள் கொண்டுபோகிற இடம் அப்படியில்லை, அது நல்லவர்கள் நடத்துவது என்றாள் சாதோ, யாரிடம் என்றில்லாமல். அவள் கெட்டவளில்லை, அது ஹிபோவுக்குத் தெரியும், தம்பி பிள்ளைக்காக ஐந்து வேளையும் அழுது தொழுகிறவள். அழுதுகொண்டே கொண்டுபோய் விட்டுவிடுவாள், அதுதான் பயம். ஹலீமோ இதையெல்லாம் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. செல்போனை வாய்க்கருகே பிடித்துக்கொண்டு கட்டடத்துப் பெண்களின் குழுவுக்குக் குரல்செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டாள். அடியே, இப்போ யாரும் துணியைத் தூக்கிக்கிட்டு வராதீங்க, நடு மெஷினை வரேக்லே பிடிச்சிருக்கான், ஆமா, ஹிபோவோட மகன், ஆட்டிசமாம், அவன் முடிச்சப்புறம் வாங்க. அவ்வளவுதான். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இத்தனை வருடம் ஹிபோ அந்த வாய்க்குப் பயந்தே செத்தாள், இன்றைக்கு அதே வாயில் மகனைத் தூக்கி ஏற்றிவிட்டாள். இனி அது மாடி மாடியாக ஏறும், எதிரே இருக்கிற காப்பிக்கடைக்குப் போகும், அங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆண்களில் ஒருவன் வர்சமேயின் முதுகில் தட்டுவான். யார் இனித் தூங்குகிறான் என்று சொல்ல முடியும். யார் மதரசா என்று சொல்ல முடியும். வரேக்லே எங்கே என்று கேட்பார்களே, ஒவ்வொருத்தரும் கேட்பார்களே.

அவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் போன் அடித்தது. வர்சமே. பின்னால் கோப்பைகளின் சத்தமும் ஆண்களின் சிரிப்பும் கேட்டன. கேலியா, வெறும் சிரிப்பா, காதை அழுத்திவைத்துக் கேட்டும் தெரியவில்லை. எங்கிட்ட வந்து வரேக்லேயோட அப்பா ஒரு டீ வாங்கித்தரக் கூடாதான்னு கேக்கிறாங்க என்றான் கடைசியில். கோபமா என்று தெரியாத குரல். அழுதிருப்பானோ. ஷுக்ரி சொன்னதை அவள் அவனுக்குச் சொன்னாள், சங்கிலி என்கிற சொல்லை அப்படியே சொன்னாள், மூடாமல். சாதோ பக்கத்திலேயே நின்று கேட்டாள்.

"மெஷின் நின்னுடுச்சா?" என்றான் வர்சமே.

நிற்கப்போகிறது என்றாள். நின்றால் லிபான் என்ன செய்வான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தலையைக் கண்ணாடியில் முட்டுவான், பத்து நிமிடமாவது கதறுவான், அவள் தோளில் கடிவாங்கிக்கொண்டே தூக்கிப்போக வேண்டும்.

"நான் வர்றேன். வர்றவரைக்கும் இன்னொரு தடவை போடு."

அவன் அனுப்பமாட்டேன் என்று சொல்லவில்லை. ராத்திரி சண்டை இருக்கிறது, நாளைக்கும் இருக்கிறது, ஹர்கெய்சாவிலிருந்து மாமனாரின் போன் வரும், அதையும் அவள் எடுக்கத்தான் வேண்டும், எடுப்பாள். மெஷின் கடைசியாக ஒரு தடவை புரண்டு நின்றது. லிபானின் தோள்கள் விறைத்தன, வாய் கோணியது. சாதோ குனிந்து கதவைத் திறந்து ஈரத்துணியை அள்ளக் கையை நீட்டினாள், பெட்டி மேலே வீட்டில் திறந்தே கிடக்கிறதே, காயப்போட்டால் இன்றைக்கே அடுக்கிவிடலாம் என்றாள். ஹிபோ அவள் கையை மெதுவாக எடுத்து ஒதுக்கினாள். கதவைச் சாத்தினாள்.

"சுத்தமாத்தானே இருக்கு?" என்றாள் சாதோ.

"இருக்கட்டும் அப்பாயோ," என்று சொல்லிவிட்டு ஹிபோ பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் இறங்கியது. பச்சைச் சட்டை மறுபடியும் மேலே வந்தது.